இருக்கச் சொன்னவர்கள்

றமீஸின் பையோடு நான் இலங்கைக்குப் போனது ஆகஸ்ட் மாதத்தில். பத்துக் கிலோகூட இல்லாத கறுப்புத் துணிப் பை. விமானத்தில் அதை மேலே வைக்கச் சொன்னார்கள். நான் மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, உடையக்கூடிய சாமானா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உள்ளே இருந்தது நான்கு சட்டை, இரண்டு சாரம், தொழுகை விரிப்பு, மூக்குக் கண்ணாடி, ஒரு கம்பளிச் சட்டை.

வளைகுடாவில் ஒரு சிறிய நாடு. அதற்குள் ஒரு பெரிய நாட்டின் படைத்தளம். அந்தத் தளத்தின் சமையற்கூடத்தில் நானும் றமீஸும் ஒன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் கல்முனைக்காரர், ரொட்டி சுடுகிறவர். நான் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன், சாமான் அறைக்குப் பொறுப்பு. அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. என்னை அண்ணன் என்பார். அந்த இரண்டு நாடுகளின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எந்தப் பக்கம் நியாயம் என்று வாதாட ஆட்கள் வந்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது அதை அல்ல.

இந்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில் அந்தத் தளத்தை நோக்கி ஏவுகணைகள் வந்தன. எல்லாவற்றையும் வானத்திலேயே தடுத்துவிட்டதாகவும், தளத்தில் உயிர்ச்சேதம் இல்லை என்றும் அன்று மாலை அறிவித்தார்கள். றமீஸ் அந்த அறிவிப்பில் வரவில்லை. அவர் படையைச் சேர்ந்தவர் அல்ல. படைக்குச் சாப்பாடு போடும் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் இன்னொரு கம்பெனியின் ஆள்.

மறுநாளே அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய மனைவியின் அண்ணன் மாஹிர் தொலைபேசியில் என்னிடம், தங்கையின் இத்தா முடிந்த பிறகு வாருங்கள் என்றார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்கும் காலம் அது. அதற்குள் என் ஒப்பந்தமும் முடிந்து ஊர் வந்துவிட்டேன். பை என் வீட்டு அலமாரியில் இருந்தது. என் மனைவி அந்த அலமாரியைத் திறப்பதையே விட்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை. நான் ஏறிய பேருந்து காட்டுவழியில் சட்டென்று நின்றது. நடுச் சாலையில் ஒரு யானை, ஓட்டுநரைப் பார்த்தபடி. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு வெற்றிலை மடித்தார். எங்கள் ஊர்ப் பேருந்தாக இருந்தால் இந்நேரம் பாதிப் பேர் இறங்கி யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஒருவரும் அசையவில்லை. நடத்துநர் சிங்களத்தில் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த சிப்பாய் எனக்குத் தமிழில் சொன்னார்: அந்த யானை தினமும் இந்தப் பேருந்தில் வாழைப்பழம் வாங்கும், இன்றைக்குப் பழம் கொண்டுவந்த ஆள் யாருமில்லை, அதனால் கொஞ்சம் நேரமாகும்.

விடுமுறையில் வீட்டுக்குப் போகிற பையன் அவர். நான் படைத்தளத்தில் வேலை பார்த்தவன் என்றதும் நெருங்கி உட்கார்ந்துகொண்டார். அங்கே சிப்பாய்களுக்கு என்ன சாப்பாடு, எத்தனை வேளை இறைச்சி என்று கேட்டார். பிறகு தணிந்த குரலில், தன்னோடு இருந்து விலகிய ஒருவர் வேறொரு நாட்டின் சண்டைக்குக் கூலிக்குப் போயிருப்பதாகவும், ஐந்து மாதமாக அவரிடமிருந்து போன் இல்லை என்றும் சொன்னார். அவர் யாருடைய பக்கம் சண்டை போடுகிறார் என்று கேட்டேன். அது தனக்குச் சரியாகத் தெரியாது என்றார். முக்கால் மணி நேரம் கழித்து யானை தானாகவே காட்டுக்குள் போயிற்று.

கல்முனையில் மாஹிர் காத்திருந்தார். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. வெளியே கச்சான் என்கிற மேல்காற்று அனலாக அடித்தது. முகத்தில் மண் ஒட்டியது. எங்கும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். ஆனால் காதில் விழுகிற தமிழ் வேறாக இருந்தது. அந்தத் தமிழை ஒன்பது வருடம் ஒரே ஆளின் வாயில் கேட்டிருந்தேன். இப்போது பழம் விற்கிறவர், மருந்துக்கடைக்காரர், சைக்கிளில் போகிற பெண் எல்லோரும் அதைப் பேசினார்கள். இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

முதலில் றமீஸின் வீட்டில் சாப்பாடு. வேறு எதைப் பேசவும் மாஹிர் விடவில்லை. புட்டு, கணவாய்க் கறி, தேங்காய்ச் சம்பல். எங்கள் பக்கத்தில் புட்டு என்றால் சர்க்கரை போட்டு மாலையில் தின்பது. இவர்கள் அதைக் கறி ஊற்றிச் சோறு மாதிரி பிசைகிறார்கள். றமீஸ் தளத்தில் வெள்ளிக்கிழமைகளில் மாவைத் திருடிப் புட்டு அவிப்பார். இதே கறி, கணவாய்க்குப் பதில் டின் மீன். தட்டில் இருந்ததை முடிக்க எனக்கு நேரமாயிற்று. உறைப்பு அதிகமா என்று மாஹிர் கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுடையது. றமீஸ் பிறந்தது உள்ளே வயல் பக்கம் வரிப்பத்தான்சேனையில். கல்யாணமாகி வந்தது கடலுக்குக் கிட்டே இருக்கும் இந்த வீட்டுக்கு. குழந்தைகள் இல்லை. அவருடைய மனைவி பரீனா, பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கும் ஆசிரியை. இதை றமீஸ் எங்களிடம் பெருமையாகச் சொல்வார். தொலைக்காட்சியில் எந்த நாட்டுச் சண்டை வந்தாலும், இருங்க, வீட்டுல கேட்டுச் சொல்றன் என்பார்.

பரீனா உள்ளறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாஹிர் கூடத்தில் இருந்தார். பையை நான் தரையில் வைத்தேன். பரீனா அதைத் திறக்கவில்லை. இழுத்துத் தன் காலருகே வைத்துக்கொண்டார். அவர் கேட்டதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். எந்த மையவாடியில் அடக்கினார்கள், எந்த ஓரம், மரம் ஏதும் இருக்கிறதா, தொழுகையில் எத்தனை பேர் நின்றார்கள். மரம் இல்லை என்றேன். வேலைக்கு வந்த தமிழர்கள், மலையாளிகள், வங்காளிகள் என்று நாற்பது பேர் வந்தோம், தொழத் தெரியாதவர்கள் பின்னால் நின்றோம் என்றேன். அவர் தலையாட்டினார்.

மேசையில் விடைத்தாள்கள் அடுக்கியிருந்தன. மேலே இருந்த வினாத்தாள் என் கண்ணில் பட்டது. ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையில் இராணுவக் கூட்டணிகள் வகிக்கும் பங்கை ஆராய்க. நான் வாசிப்பதை அவர் பார்த்துவிட்டார். அது நடந்ததற்கு முந்திய வாரம் வைத்த பரீட்சை, திருத்தாமலே கிடக்கிறது, திங்கட்கிழமை பாடசாலைக்குத் திரும்பிப் போகிறேன், அந்தப் பாடத்தைத் திரும்ப நடத்தித்தான் தொடங்க வேண்டும் என்றார்.

"எல்லாப் புள்ளைகளும் நான் சொல்லிக் குடுத்ததத்தான் எழுதிரிக்கி. பிழை ஒண்டும் இல்ல" என்றார்.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். விரும்பினவர்கள் ஊருக்குப் போகலாம் என்று கம்பெனி சொன்னதாக றமீஸ் அவரிடம் சொல்லியிருந்தார். அப்படியானால் ஏன் வரவில்லை?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பையைத் தபாலில் அனுப்பாமல் நேரில் வந்தேன். ஊரிலிருந்து கிளம்பும்போது பதில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"டிக்கெட் கிடைக்கல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பையின் வாரைச் சரிசெய்தார்.

வெள்ளிக்கிழமை நான் ஒன்றும் செய்யவில்லை. ஜும்ஆத் தொழுகைக்குக் கடைகள் அடைத்த நேரத்தில் கடற்கரைக்கு நடந்தேன். தோணிகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு தடவை இந்தக் கடல் வீடுகளுக்குள் வந்து போயிருக்கிறது. அதற்குப் பிறகும் மனிதர்கள் அதன் பக்கத்திலேயே துணி காயப்போடுகிறார்கள். அங்கே உட்கார்ந்து, ஏவுகணைகள் வருவதற்கு முந்திய இரண்டு வாரத்தை நினைத்துப் பார்த்தேன்.

அந்தச் சிறிய நாட்டைக் குறைசொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை. நாலு பக்கமும் தன்னைவிடப் பெரியவர்கள், பூமிக்கடியில் பணம். வீட்டு வாசலில் ஒரு பலசாலியைக் குடிவைத்தால் திருடன் வரமாட்டான் என்று அது நினைத்தது. இத்தனை வருடம் யாரும் வரவும் இல்லை. எங்கள் இருவர் வீட்டிலும் அடுப்பு எரிந்தது அந்த ஏற்பாட்டினால்தான். பலசாலிக்கு வேறு இடங்களிலும் பகை இருக்கும், அவனைத் தேடி வருகிறவன் நம் வீட்டுக் கதவைத்தான் உடைப்பான் என்பதை அந்த நாடும் யோசித்திருக்கும். நாங்கள் யோசிக்கவில்லை.

சண்டை நெருங்குவது பத்திரிகைகளுக்கு முன்னால் சமையற்கூடத்துக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் சாப்பிட வருகிற சிப்பாய்கள் குறைந்தார்கள். முதலில் குடும்பங்கள் போயின. பிறகு விமானங்கள் எங்கோ போயின. றமீஸ் சுடும் ரொட்டி பாதியாகி, பிறகு காலாகியது. பாதுகாக்க வந்தவர்கள் தங்களைப் பாதுகாத்துக்கொள்ளக் கிளம்பிவிட்டார்கள். எங்களிடம் சொன்னது அடுப்பை அணைக்காதீர்கள் என்பது மட்டும்.

றமீஸுக்கு ஒரு விமானத்தில் இடம் கிடைத்தது. முந்திய நாள் மாலை என்னிடம் வந்து கேட்டார், அண்ணன், நான் போகவா, இருக்கவா?

"இருங்க றமீஸ். இவங்க இருக்கிற இடத்துல எவன் கை வைப்பான்?" என்றேன்.

நான் அதை நம்பினேனா? பாதி நம்பினேன். மீதிப் பாதி என்னவென்றால், அவர் போய்விட்டால் நாங்கள் இருவரும் தங்கியிருந்த அறையில் நான் தனியாக இருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அபாயச் சங்கு ஊதியது. வானத்தில் வெடித்தது எதிரியின் ஏவுகணையா, அதைத் தடுக்கப் போனதா, எந்த இரும்பு ரொட்டிக் கூடத்தின் கூரையில் விழுந்தது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நான் இருபது அடி தள்ளிச் சாமான் அறையில் இருந்தேன்.

சனிக்கிழமை றமீஸின் வாப்பாவைப் பார்க்க வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். மாஹிர் கடையை விட்டு வர முடியவில்லை. பெரியநீலாவணையைச் சேர்ந்த சிவம் என்பவரின் ஆட்டோவைப் பேசிக் கொடுத்தார். இங்கே அதை ஓட்டோ என்கிறார்கள். ஊர்கள் முடிந்து வயல்கள் தொடங்கிய இடத்தில் அதன் கிளச் கம்பி அறுந்தது. சிவம் இறங்கிப் பார்த்துவிட்டு, வாய்க்காலில் முகம் கழுவி வந்து, என் பக்கத்தில் வரம்பில் உட்கார்ந்தார். அந்த வழியாக வரும் யாரிடமாவது கம்பி வாங்கி அனுப்பச் சொல்லலாம் என்பது அவர் திட்டம். அவசரம் என்ற சொல் இந்தத் தீவில் எனக்கு இன்னும் காதில் விழவில்லை.

நான் இந்தியா என்று தெரிந்ததும் அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நான் சின்னப் பொடியனா இருக்கக்குள்ள உங்கட ஆமி எங்கட பக்கம் வந்தது. ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தமாம். றோட்டில நிண்டு கையாட்டினம். எங்களக் காப்பாத்த வந்திருக்காங்க எண்டு அம்மா சொன்னா" என்றார்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பிறகு சண்டை வந்தது என்றார். யாருக்கும் யாருக்கும் என்று கேட்கவில்லை, எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்திலும் அந்தப் படையில் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. அவர்களின் படங்கள் கூடங்களில் தொங்குகின்றன. எதற்காகப் போனார்கள் என்று சரியாகச் சொல்லத் தெரிந்த ஆள் அந்த வீடுகளிலும் இல்லை. சிவம் கோபமாகச் சொல்லவில்லை. ஒப்பந்தம் போட்டபோது எங்களிடம் யாரும் கேட்கவில்லை, முடித்துக்கொண்டு போனபோதும் கேட்கவில்லை என்று வானிலை சொல்வதுபோலச் சொன்னார். ஒரு உழவு இயந்திரக்காரர் கம்பி கொண்டுவந்தார். பத்து நிமிடத்தில் கிளம்பினோம்.

றமீஸின் வாப்பா ஆதம்பாவா, சிறுபோக அறுவடையில் நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். வட்டை என்று இவர்கள் சொல்லும் வயல்வெளியில் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் எங்களுக்குள் பேச்சு நடக்கவில்லை. அவர் என்னை மரத்தடிக்குக் கூட்டிப்போய், எருமைத் தயிரும் அதில் ஊற்றும் வெல்லப் பாணியும் வாங்கிவரச் செய்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே குந்தியிருந்தார்.

மகன் கடைசியாகப் பேசியதைச் சொன்னார். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இவரே கூப்பிட்டிருக்கிறார்.

"வா மனே எண்டு சொன்னன். சிரிச்சான். விளங்கின ஆக்கள் இரிக்கச் சொல்றாங்க வாப்பா எண்டான். ஆரெண்டு நான் கேக்கல்ல" என்றார்.

என் கையில் தயிர்ச் சட்டி இருந்தது. விஷயம் விளங்கினவன் நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இயந்திரம் வரம்புக்கு வந்துவிட்டது, அவர் வழிகாட்ட எழுந்து போனார். திரும்பும் வழியில் சிவம் இரண்டு தடவை, தயிர் ஒத்துக்கொள்ளவில்லையா ஐயா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாஹிரிடம், தங்கையிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். அதே கூடம், அதே நாற்காலிகள். பை இப்போது அங்கே இல்லை. கம்பளிச் சட்டை மட்டும் வெளிக் கொடியில் காய்வது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட் கிடைத்திருந்தது என்பதை, றமீஸ் கேட்டதை, நான் சொன்னதை. எனக்குப் பயமாக இருந்தது என்பதையும் சொன்னேன். மாஹிர் எழுந்து வாசற்பக்கம் போய் நின்றுகொண்டார். பரீனா அழுவார், அல்லது என்னைப் போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

அவர், டிக்கெட் இருந்தது எனக்குத் தெரியும் என்றார்.

"அண்டைக்கு நீங்க பொய் சொல்றீங்க எண்டு விளங்கிச்சி. அவர் உங்களிட்ட எல்லாம் சொல்லியிரிப்பார், எனக்காகத்தான் மறைக்கிறீங்க எண்டு நினைச்சன்."

எனக்குப் புரியவில்லை. அவர் விடைத்தாள் அடுக்கைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கிட்டயும் கேட்டார். பெரிய நாட்டோட ஒப்பந்தம் இரிக்கிற நாட்ட ஆரும் தொடமாட்டாங்க, அதுக்குத்தான் கூட்டணி எண்டு சொன்னன். வகுப்புல சொல்ற மாதிரியே சொன்னன். ஒரு வருசம் பொறுத்து வந்தா வீட்ட முடிச்சிரலாம், இரிங்க எண்டு சொன்னன்."

வீட்டின் பின்பக்கம் பூசாத சுவர்களை வந்த அன்றே பார்த்திருந்தேன். அதைப் பற்றி நினைக்கவில்லை.

றமீஸ் என்னிடம் முதலில் கேட்டாரா, மனைவியிடம் முதலில் கேட்டாரா என்று இருவரும் கணக்குப் பார்த்தோம். நான் சொன்னது அந்தி நேரம். இங்கேயும் அங்கேயும் நேரம் வேறு. பரீனா தன் போனை எடுத்து அழைப்புகளைத் தேடினார். பழையவை அழிந்திருந்தன. யாருடைய சொல்லில் அவர் தங்கினார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒருவேளை அதை இருவருமே விரும்பவில்லை. மாஹிர் உள்ளே வந்து இருவருக்கும் இஞ்சி போட்ட தேநீர் வைத்தார். அது ஆறிப்போயிற்று.

நான்கு மாதமும் பத்து நாளும் பரீனா அந்த அறைக்குள் இதோடு இருந்திருக்கிறார். வந்தவர்கள் எல்லாரும் சபூர் செய்யுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள், அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். அதை அவரும் நம்புகிறார். ஆனால் அந்தப் பாடத்தை இனிமேல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது என்று புத்தகத்தில் இரண்டு பக்கமும் எழுதித்தான் இருக்கிறது. இத்தனை வருடமும் நல்லதை இரண்டு நாள் நடத்துவேன், கெட்டதை மணியடிக்கும் நேரத்தில் வாசித்துக் கடந்துவிடுவேன் என்றார்.

மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று அவர்தான் சொன்னார். மாமா என்றால் ஆதம்பாவா. பகல் பொழுதில் மூவரும் சிவத்தின் ஆட்டோவில் கிளம்பினோம். கம்பி தாங்கிற்று. வழியில் சிவம் எங்கள் முகத்தைப் பார்த்து வானொலியை நிறுத்திவிட்டார்.

ஆதம்பாவா வீட்டு முன்னால் சாக்கு விரித்து நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மருமகளைப் பார்த்ததும் காலால் துழாவிய நெல்லை விட்டு வந்தார். இத்தாவுக்குப் பிறகு முதல் தடவை பார்க்கிறார். பரீனா முதலில் சொன்னார். பிறகு நான் சொன்னேன். அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோழி ஒன்று நெல்லுக்குள் வந்தது. அவர் விரட்டவில்லை.

பிறகு என்னிடம் கேட்டார், "அண்டைக்குக் காலத்தால அவன் திண்டிருந்தானா?"

ஒரு பொய் போதும் என்று இருந்தது. இல்லை என்றேன். வெறும் தேநீர்தான் குடித்திருந்தார், அடுப்பிலிருந்த ரொட்டி வெந்ததும் சாப்பிடலாம் என்றிருந்தார் என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பரீனா பக்கத்தில் போய் நின்றார், தொடவில்லை. மாஹிர் ஆட்டோவுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நெல்லின் ஓரத்தில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோறாக்கியிருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். மறுக்க விடவில்லை. சிவத்தையும் கூப்பிட்டார். புது நெல் குத்திய சிவப்புச் சோறு, குளத்து மீன் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல். ஆண்கள் நால்வரும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் நான் அப்படிச் சாப்பிட்டதே இல்லை. அவர் மீனின் முள்ளெடுத்து என் பக்கம் தள்ளினார். உள்ளே கதவோரம் பரீனாவுக்குத் தனியாக வைத்திருந்தார்கள். அவர் சாப்பிடுகிறாரா என்று ஆதம்பாவா எட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

பாதியில், சோற்றைப் பார்த்தபடியே, உள்ளே இருப்பவருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் வா எண்டு சொன்னது எனக்கு விளங்கி இல்ல, தம்பி. அவனப் பாக்கணும் போல இரிந்த. வேற ஒண்டும் இல்ல."

எங்களை அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியமில்லை. கிளம்பும்போது பரீனாவிடம் மட்டும், பள்ளிக்கூடத்தை விட்டுவிடாதீர்கள் மகள் என்றார். ஆட்டோவில் அரை மூட்டை நெல்லை ஏற்றினார். எனக்கு ஒரு சட்டி தயிர். அதை நாடு தாண்டிக் கொண்டுபோக முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை மாஹிர் என்னைப் பேருந்து ஏற்றிவிட்டார். தயிரை அவரிடமே கொடுத்தேன். பரீனா அதற்கு முன்னாலேயே பாடசாலைக்குப் போய்விட்டார். விடைத்தாள்களை ஞாயிறு மாலையே திருத்தி முடித்துவிட்டார் என்றும், யாருக்கும் புள்ளி குறைக்கவில்லை என்றும் மாஹிர் சொன்னார். கையை இந்தத் தடவையும் வெகுநேரம் பிடித்திருந்தார்.

பகல் இரண்டு மணிக்குப் பேருந்தின் சக்கரம் ஒன்று பழுதாகி, சாலையோரக் கடையில் நின்றோம். பயணிகள் பாண் என்று இவர்கள் சொல்லும் ரொட்டியும் பருப்பும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அப்போது பரீனா போனில் கூப்பிட்டார்.

வகுப்புக்குள் போனதும் எல்லாப் பெண்களும் எழுந்து நின்றார்களாம். முன்வரிசைப் பெண் ஒருத்தி, டீச்சர், கூட்டணிப் பாடத்தை நாங்களே திரும்ப வாசித்துவிட்டோம், அடுத்த பாடத்துக்குப் போவோம் என்றாளாம். முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். அவருக்கு விளங்கியது. இல்லை, அந்தப் பக்கத்தைத் திறங்கள் என்றாராம்.

நல்லதை எல்லாம் பலகையில் எழுதினேன் அண்ணன், ஒன்றும் விடவில்லை, பரீட்சைக்கு அது வேண்டும் என்றார். பிறகு மற்றப் பக்கம். கூட்டாளியின் பகைவன் தனக்கும் பகைவனாவான். சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை குறையும். அந்நியப் படைத்தளம் தாக்குதலுக்கு இலக்காகும். புத்தகத்தில் அத்தோடு முடிகிறது. அவர் அதன் கீழே இன்னொரு வரி எழுதியிருக்கிறார்: அந்தத் தளத்தில் ரொட்டி சுடுகிறவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கி, டீச்சர், பரீட்சையில் இதற்குப் புள்ளி தருவார்களா என்று கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"தரமாட்டாங்க, எழுதிக்கங்க எண்டு சொன்னன்."

எழுதினார்களா என்று கேட்டேன். ஓம் என்றார்.